புதன்கிழமை வா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். "புறநகருக்குப் போனது சரிதானா, நாங்களும் வரலாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அவசரத்தில் ஏதாவது சொல்லி, அதை நம்பி நீ வீட்டைக் காலி செய்துவிடக் கூடாதே என்று பயந்தேன். என் மனைவியும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து பேசிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். காலையில் நடக்கப் போகிறார். பெரியவளுக்குப் பதினாறு வயது, சின்னவனுக்கு எட்டு. நாங்கள் இங்கே வந்து அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது.

சின்னவனுக்கு நீ ஐந்தாவது பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் நினைவிருக்கிறதா? பழைய வீட்டில் அது துணி காயப்போடும் கொடியின் கீழே ஒரு வருடம் நின்றது. தெருவில் இறக்கினால் வண்டிகள், மொட்டை மாடிக்குப் பூட்டு. இங்கே வந்த முதல் வாரமே பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றச் சொன்னான். எதிர்வீட்டுப் பையன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, மூன்றே நாளில் கற்றுக்கொண்டான். அவன் தனியாக ஓட்டிய முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. முழங்காலில் மருந்து தடவிய சிராய்ப்போடு தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் உனக்குச் சொல்ல வந்தது முழுக்க அதில் இருக்கிறது. அவனுக்கு ஒரு தெரு கிடைத்தது. அந்தத் தெருவுக்கு வாடகையாக நான் என் மாலை நேரத்தைக் கொடுத்திருந்தேன், அது எனக்கே தெரியாமல்.

வருமுன் நாங்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஓர் அறை கூடியது. அந்த மிச்சத்தில் ஏறக்குறைய பாதி பயணச் செலவுக்கும் இரண்டாவது வண்டிக்கும் போகும் என்பதையும் எழுதி வைத்திருந்தோம். நேரத்தை மட்டும் எழுதவில்லை. முன்பு வீட்டிலிருந்து அலுவலகம் 25 நிமிடம், இப்போது 80 நிமிடம். போக வர 110 நிமிடம் கூடுதல். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் 40 மணி நேரம். யோசித்துப் பார், ஒரு முழு வேலை வாரம்! மாதாமாதம் அதை எடுத்துத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சின்னவனுக்குப் பள்ளியில் கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்த சமயம் அது. வீட்டில் யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். தாத்தா எழுந்தது, அக்கா பள்ளிக்குக் கிளம்பியது, அம்மா விளக்கு போட்டது எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருந்தான். என் பெயருக்கு எதிரே காலை 6.40 மட்டும் இருந்தது, நான் கிளம்பும் நேரம். திரும்பும் நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். பார்க்காததை எழுதக் கூடாது என்று ஆசிரியை சொல்லியிருந்தாராம். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், நண்பா.

அதன் பிறகுதான் ரயிலில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சந்தையிலிருந்து தூரம் கூடக் கூட நிலத்தின் வாடகை குறையும் என்று ஃபொன் தூனென் என்ற ஜெர்மானியர் 1826இலேயே எழுதிவிட்டார். அவர் பேசியது விளைநிலத்தைப் பற்றி, ஆனால் நம் குடியிருப்புகளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. மலிவான வீடு மலிவாக இருப்பதற்குத் தூரமும் ஒரு காரணம். இதில் ஒருவரும் ஏமாற்றவில்லை, விலையில் குறைந்ததை வேறு வழியில் கொடுக்கிறோம், அவ்வளவுதான். புரூனோ ஃபிரை, அலாய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரைதான் என்னை உலுக்கியது. நீண்ட தூரம் போய் வருகிறவர்களுக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டிவிடும் என்பது பொருளாதாரம் படித்தவர்களின் எதிர்பார்ப்பு. இவர்கள் பார்த்தபோது அப்படி ஈடாகவில்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் மனநிறைவு குறைந்துகொண்டே போயிருந்தது. வீட்டின் கூடுதல் அறை நமக்குச் சில மாதங்களில் பழகிவிடும், தினசரி நெரிசல் பழகாது. என் அனுபவமும் அதேதான்.

பெரியவளைப் பற்றி எழுத எனக்கு மனம் கனக்கிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். நாங்கள் கிளம்பியபோது அவளுக்குப் பதினான்கு வயது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. வந்து ஆறு மாதம் கழித்து ஏதோ தேட அவள் அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறம் பழைய பள்ளியின் கால அட்டவணையை ஒட்டி வைத்திருந்தாள். "இப்போது அவர்களுக்கு விளையாட்டு வகுப்பு அப்பா" என்றாள், மணியைப் பார்த்துவிட்டு. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 1990களில் ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர வழி செய்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பின் என்ன ஆனார்கள் என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடன் பணிபுரிந்தவர்களும் 2016இல் எழுதினார்கள். பதின்மூன்று வயதுக்குள் இடம் மாறியவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, சற்றுப் பின்னடைவாகவே தெரிந்தது. நம் நிலைமை வேறு, நாம் வறுமையிலிருந்து தப்பி ஓடவில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் ஆறு வயதுக்காரன் இரண்டே வாரத்தில் தெருவோடு ஒட்டிக்கொண்டதையும், பதினான்கு வயதுக்காரி ஒன்றரை வருடம் வாசலிலேயே நின்றதையும் நான் கண்ணால் பார்த்தேன். உன் மகளுக்கு இப்போது பதினொன்று. வருவதாக இருந்தால் தள்ளிப்போடாதே. பதினான்கு ஆகட்டும், பதினைந்து ஆகட்டும் என்று இருந்தால், அவள் பள்ளியை முடிக்கும்வரை அங்கேயே இருந்துவிடு.

என் மனைவி நடந்து போகும் தூரத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். இங்கே கிடைத்த வேலையில் சம்பளம் குறைவு. "வாடகையில் மிச்சம்" என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்ன தொகையில் அவளுடைய சம்பளக் குறைவை நான் ஒருபோதும் கழிக்கவில்லை. அவள்தான் இரண்டு நாள் முன்பு, உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதையும் எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன்.

இவ்வளவு சொன்னதால் வராதே என்று சொல்வதாக நினைத்துவிடாதே. நாங்கள் திரும்பிப் போகப் போவதில்லை. ஏழெட்டு மாதமாக இந்த வாழ்க்கை நன்றாக இருக்கிறது. வீடு அதேதான், நேரத்தைத்தான் மாற்றினோம். மேலாளரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மற்ற மூன்று நாளும் முன்னதாகப் போய் முன்னதாகக் கிளம்பிவிடுகிறேன். பெரியவள் கைப்பந்துக் குழுவில் சேர்ந்திருக்கிறாள், அலமாரிக் கதவில் இப்போது போட்டி நாட்கள்தான் ஒட்டியிருக்கின்றன. எதிர்வீட்டில் எங்கள் மாற்றுச் சாவி இருக்கிறது. அப்படி ஒருவரிடம் சாவியைக் கொடுக்க எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பார். அந்த ஊருக்கென்று சொந்தமாக வேலை இருக்கிறதா, அல்லது இரவில் தூங்குவதற்கு மட்டும்தான் ஆட்கள் வருகிறார்களா? எபனேசர் ஹோவர்ட் என்று ஒருவர், கட்டடக் கலைஞர் அல்ல, லண்டனில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர், 1898இல் தோட்ட நகரங்கள் என்ற யோசனையை எழுதினார். வீடுகளை மட்டும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோனால் போதாது, தொழிலும் வயலும் கூடவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1903இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் அப்படிக் கட்டவும் தொடங்கினார்கள். இந்த ஊரில் கொஞ்சம் வேலை இருந்ததால்தான் என் மனைவிக்கு இடம் கிடைத்தது. இல்லையென்றால் நாங்கள் இருவருமே ரயிலில் நின்றிருப்போம், சின்னவனின் நோட்டில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்திருக்கும்.

வீடு வாங்காதே, முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இரு. இரவில் அவசரமென்றால் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று நீயே ஒரு முறை போய்ப் பார்த்துவிடு. அலுவலகத்தில் பேசிவிட்டு வீடு பார், வீடு பார்த்த பிறகு பேசாதே. மற்றதெல்லாம் தானாக அமையும்.

வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று இந்த ஊர் யாருக்கும் பிடித்துவிடும். செவ்வாய் இரவே குடும்பத்தோடு வந்து தங்கு. புதன்கிழமை காலையில் என்னோடு கிளம்பி, இங்கிருந்து உன் அலுவலகத்துக்குப் போய்விட்டு, மாலை நெரிசலில் ஏறி இங்கேயே திரும்பி வா. நீ எத்தனை மணிக்கு வாசலுக்கு வருகிறாய் என்று சின்னவனைக் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

உன்னை எதிர்பார்க்கும்,
உன் நண்பன்