மேய்கிற மாட்டுக்கு எதில் கலப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடு விடும் மீத்தேன், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயு, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதைக் குறைக்க, 'தினமும் தீவனத்தில் இந்தப் பொடியைக் கலந்து கொடுத்தால் போதும்' என்று ஒரு வரி. அந்தப் 'போதும்'தான் இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.

எங்களுக்குக் காங்கயத்துக்குத் தெற்கே 11 ஏக்கர் கொறங்காடு. கொறங்காடு என்றால் என்னவென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிக் கிளுவை வேலி. காலையில் படலைத் திறந்துவிட்டால் எங்கள் 4 மயிலைப் பசுக்களும் பொழுது சாய்ந்துதான் கட்டுத்தரைக்கு வரும். கறக்கிற மாட்டுக்கு மட்டும் ஒரு கை பருத்திக்கொட்டை, கொஞ்சம் புண்ணாக்கு. மற்றதெல்லாம் அவை தாமே தேடித் தின்பது. 2022இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற அந்தப் பொடி மருந்தின் வேகம் சில மணி நேரம்தான் நிற்குமாம். அதனால் கொட்டகையில் கட்டிவைத்து, தின்கிற தீனி முழுவதிலும் கலந்து கொடுக்கிறார்கள். நான் என்ன, பொடி டப்பாவோடு மாட்டின் பின்னால் ஓட வேண்டுமா? கட்டுரையாளர் வந்தால் அவருக்கும் ஒரு டப்பா தருகிறேன், இரண்டு பேருமாக ஓடலாம்.

தின்ற சத்தில் ஒரு பங்கு ஏப்பத்தில் வீணாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏப்பம் ஐயா! கூடவே போட்ட கேலிப்படத்தில் வாலுக்கடியில் அல்லவா பச்சைப் புகை வருகிறது? அசை போடும் மாட்டின் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தவர் யாரும் அப்படி வரைய மாட்டார்.

இப்படி எங்களுக்குப் புத்தி சொல்ல வருவது புதிதல்ல. காங்கயம் பசு இரண்டு மூன்று லிட்டர்தானே கறக்கிறது என்று சொல்லித்தான் கலப்பின ஊசி போடச் சொன்னார்கள். அப்பா போட்டார். பிறந்த கிடாரிக்கு எங்கள் வெயில் ஆகவில்லை, மேய்ச்சலும் பற்றவில்லை. தீவன மூட்டைக்குக் கடன் வாங்கினோம். பிறகு டிராக்டர் வந்தது, எருதுகள் அடிமாட்டு லாரியில் ஏறின. பக்கத்துக் கொறங்காடு மனைப்பிரிவானபோது வயிறெரிந்து தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லை போலும், வரவில்லை. அதே மனைப்பிரிவின் முழுப்பக்க விளம்பரம் மட்டும் பின்னட்டையில் பளபளவென்று வந்திருந்தது.

உதாரணம் தேடி டென்மார்க் வரை போன கட்டுரையாளர் பெங்களூருக்குப் போகவில்லை. அங்குள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம் 2021இலேயே 'ஹரித் தாரா' என்று ஒன்றை அறிவித்தது. டானின் என்கிற துவர்ப்புள்ள செடிகொடிகளிலிருந்து செய்தது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்றார்கள். அந்தத் துவர்ப்பு வெள்வேலங்காயிலும் உண்டு. கோடையில் புல் காய்ந்த பிறகு எங்கள் பண்டம்பாடி அந்தக் காயைப் பொறுக்கித்தான் வயிற்றை நிரப்புகிறது. அதனால் ஏப்பம் எவ்வளவு குறையும் என்று நான் கதை விட மாட்டேன், அளக்கும் கருவி என்னிடம் இல்லை. கருவி வைத்திருக்கிறவர்கள் ஒரு சித்திரை மாதம் இங்கே வந்து அளக்கலாம். மோர் தருகிறேன்.

2003இல் நியூசிலாந்தில் மாட்டு ஏப்பத்துக்கு வரி போடப் பார்த்தபோது, ஒரு எம்.பி. நாடாளுமன்றப் படிக்கட்டில் டிராக்டரையே ஏற்றினார். என்னால் ஆனது இந்த அஞ்சல் உறைதான்.

ஹரித் தாரா திருப்பூர் மாவட்டத்தில் எங்கே கிடைக்கும், மூட்டை என்ன விலை என்று விசாரித்து இரண்டு வரி போடுங்கள். கேலிப்படத்தில் புகையை வாய்ப் பக்கம் மாற்றிவிடச் சொல்லுங்கள். சந்தாப் பணத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வீட்டில் குறுக்கெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
காங்கயம் வட்டம்