அப்பாவின் பல்செட்டைத் தள்ளிப் போடாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை. நாம் வளர்ந்த தோட்டத்து லய வீடுகளை உடைத்துவிட்டார்கள். பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுதான் மனதிலேயே நிற்கிறது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பல்லும் பாதிக்கு மேல் போய்விட்டது, "இந்த வயதில் பல்செட் எதற்கு" என்று அண்ணன் தடுக்கிறார் என்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை.

2021-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 34,000 பேருக்கு மேல் இடம்பெற்ற 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பல் அதிகம் இழந்தவர்களுக்கு நினைவும் சிந்திக்கும் திறனும் குறையும் ஆபத்து மற்றவர்களுக்கு இருப்பதைப்போல் 1.48 மடங்காக இருந்தது. பல்செட் போட்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை.

அதற்காகப் பல் போனதால்தான் மறதி வந்தது என்று சொல்லிவிட முடியாது. மறதி தொடங்கியவர் பல் துலக்குவதையே விட்டுவிடுவார். வறுமை, சர்க்கரை நோய், சிகரெட் எல்லாம் வாயையும் கெடுக்கும், மூளையையும் கெடுக்கும். ஈறு நோய்க் கிருமி, அல்சைமர் என்னும் மறதி நோய் வந்தவர்களின் மூளையில் இருந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கிருமியின் நச்சைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை, 2021-இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அதனால் 'ஈறைக் காத்தால் மறதியே வராது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே.

ஆனாலும் பல்செட் வேண்டும் என்றே சொல்வேன். மெல்ல முடியாதவர் கறியையும் காய்கறியையும் ஒதுக்கிவிட்டு, காப்பியில் தோய்த்த ரொட்டியோடு பசியாறலை முடித்துக்கொள்வார். உடம்பு இளைத்துப் போகும். அதைவிட முக்கியம், இப்போதே செய்ய வேண்டும். மறதி முற்றிய பிறகு வாய்க்குள் புதிதாக ஒன்றை வைத்தால் பழகுவது ரொம்பக் கஷ்டம். துப்பிவிடுவார், எங்காவது கழற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவார். இன்று டாக்டர் சொல்வதைக் கேட்டு வாயைத் திறக்கிறார் அல்லவா? அந்த நிலை எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

அப்புறம், மிச்சமிருக்கும் பல்லில் வலி என்றால் அவருக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம். சாப்பாட்டைத் தள்ளினாலோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ முதலில் வாயைப் பார். பல்செட்டை ராத்திரி கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வை. போட்டபடியே தூங்கும் வயதானவர்களுக்கு நிமோனியா அதிகம் வருகிறது என்று ஜப்பானில் கண்டிருக்கிறார்கள்.

இந்த வாரமே அரசாங்கப் பல் கிளினிக்கில் நாள் கேட்டுவிடு. அண்ணனிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன், என் பேச்சைக் கேட்பார். என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி