டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு நாள்: குளியலறை புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்குத் திறந்த மடல்

பழைய குளியலறைகளை இடித்துப் புதுப்பித்துத் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

நான் தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளன். சென்னையின் பழைய அடுக்ககங்களில் வேலை பார்க்கிறேன். நீங்கள் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, “குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது” என்று வீட்டுக்காரர்கள் அழைப்பது என் போன்றவர்களைத்தான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சுவரை டைல்ஸ் மூடுவதற்கு முன் மின்சார வேலைக்கென்று முழுதாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்று எல்லாவற்றையும் சோதித்து, கிடைத்த அளவுகளை எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகு கலவையைக் குழையுங்கள்.

உங்கள் விலைப்புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸின் நீள அகலம், கழிப்பறைக் கோப்பையின் கம்பெனி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எத்தனை கோட், இடுக்கை அடைக்க எந்தப் பசை என்று அத்தனையும் விவரமாக இருக்கும். மின்சாரத்துக்கு மட்டும் ஒரே வரி: பாயிண்ட்டுக்கு இவ்வளவு. பிளம்பர் போனதற்கும் டைல்ஸ்காரர் வருவதற்கும் நடுவில் கிடைக்கும் அரை நாளில் அந்த ஒரு வரி வேலை முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்குத் திறக்கவே போகாத சுவருக்குள் என்ன போனது என்று அதன் பிறகு யாரும் பார்க்க முடியாது.

பழைய வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது எர்த் விஷயத்தில்தான். சாதனத்தில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பிதான் எர்த். 1980களிலும் 90களிலும் கட்டிய பல வீடுகளில் கீசரின் எர்த் கம்பி மீட்டர் போர்டு வரை போவதே இல்லை. அருகிலிருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டிருப்பார்கள். அது அன்றைக்கே முறையான எர்த் அல்ல. ஆனாலும் குழாய் இரும்பாக இருந்ததாலும், அது மண்ணுக்குள் இறங்கியதாலும் ஏதோ ஓரளவு காப்பாற்றி வந்தது. இப்போது நீங்கள் துருப்பிடித்த ஜி.ஐ. குழாயைப் பிடுங்கிவிட்டு சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் குழாய் போடுகிறீர்கள். தண்ணீருக்கு அது நல்ல குழாய். குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிளாஸ்டிக் வழியே மின்சாரம் மண்ணுக்குப் போகாது. குழாயை மாற்றிய அன்றே அந்த வீட்டுக் கீசருக்கு இருந்த எர்த்தும் போய்விடுகிறது. எந்த விளக்கும் அணையாது, எந்தச் சாதனமும் நிற்காது, கீசரும் வழக்கம்போல் வெந்நீர் கொடுக்கும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அது ஹீட்டர் காயிலின் மேல் கெட்டியாகப் படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல், ஒரு நாள் காயிலின் உறை வெடிக்கும். எர்த் சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் அந்தக் கம்பி வழியே போய்விடும். இல்லாத வீட்டில் கீசரின் உடலும் அதிலுள்ள தண்ணீரும் உலோகக் குழாய் முனையும் மனிதக் கைக்காகக் காத்திருக்கும்.

“அதற்குத்தான் எம்.சி.பி. இருக்கிறதே” என்பீர்கள், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக அணையும் சுவிட்சைச் சொல்லி. இதை உங்களில் பலர் நம்புகிறீர்கள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறையவும் செய்யும். 230 வோல்ட் பாய்ந்தால் உடல் வழியே போவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு 50 வாட் பல்பு எரிவதற்குச் சமம். 2 கிலோவாட் கீசருக்கே 9 ஆம்பியருக்கு நெருக்கமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் எம்.சி.பி. இதற்கெல்லாம் அசையாது. அது வயரைக் காப்பது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு கண்டறியும் சுவிட்ச், அதுவும் 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்துப்போகாதபோது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஷவருக்கு வாங்கும் நல்ல டைவர்ட்டர் ஒன்றின் விலைகூடப் பெரும்பாலும் ஆகாது.

ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் நடப்பது இன்னும் வேதனை. புதுப்பித்து முடிந்ததும் அது அடிக்கடி விழ, அதாவது தானாக இணைப்பைத் துண்டிக்க, ஆரம்பிக்கும். விழுவதற்குக் காரணம் இருக்கிறது. குளியலறைக்குப் புதிதாக இழுத்த நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் கம்பியை)ப் பக்கத்து அறையின் நியூட்ரலோடு எங்கோ சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அல்லது சுவருக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் ஈரத்தில் ஊறிக் கசிந்துகொண்டிருக்கும். அதைத் தேட நேரமில்லை. நாளை கிரகப்பிரவேசம், உறவினர்கள் வந்துவிடுவார்கள். ஆகவே ஆர்.சி.சி.பி.யின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு துண்டு வயரைப் போட்டு நேரடியாக இணைத்துவிட்டுப் போகிறார்கள். கதவைத் திறந்தால் பெட்டி முழுதாகத்தான் தெரியும். உள்ளே காவல் இல்லை என்று வீட்டுக்காரருக்கு யார் சொல்வது? விழும் ஆர்.சி.சி.பி. தொல்லை செய்யவில்லை, சுவருக்குள் இருக்கும் கோளாறைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. டைல்ஸ் ஒட்டாத சுவரில் அந்தக் கோளாறை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இனி உங்கள் ஆட்களைப் பற்றி. குடும்பம் குளிக்க வருவதற்கு முன்பே ஆபத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான். டைல்ஸ் வெட்டும் மெஷினில் பிளக் இருக்காது. வயரின் இரு முனைகளையும் பல்லால் சீவி, சாக்கெட்டின் துளைகளில் செருகி, கழன்று விழாமலிருக்கத் தீக்குச்சியை வைத்து இறுக்கியிருப்பார்கள். எர்த் துளை சும்மா கிடக்கும். தூசி பறக்காமலிருக்க ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் ஈரத்தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வெட்டுவார். ஊரைவிட்டு வெகுதூரம் வந்து பிழைக்கும் இளைஞர்கள் பலர் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஒரு மூன்று முள் பிளக்கும், ஆர்.சி.சி.பி. வைத்த ஒரு நீட்டிப்புப் பெட்டியும் வாங்கினால் அதை அடுத்தடுத்த வேலைகளுக்கும் எடுத்துப் போகலாம். இதை அவர்களாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மெயினை இறக்கிவிட்டோம், பயமில்லை என்று நினைப்பதும் சரியல்ல. நம் ஊரில் குளியலறை விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெயினை இறக்கியவுடன் மின்வெட்டு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். கொத்தனார் உளி வைத்த இடத்தில் அதே 230 வோல்ட். இடிப்பதற்கு முன் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் வெளியீட்டைக் கழற்றி, ஒவ்வொரு பாயிண்ட்டையும் தனித்தனியே சோதித்த பிறகே சுவரில் கை வைக்க வேண்டும்.

நான் கேட்கும் அந்த ஒரு நாளில் நடக்க வேண்டியது பெரிய வித்தை அல்ல. கீசருக்கு எம்.சி.பி. பெட்டியிலிருந்து ஜாயின்ட் இல்லாமல் தனி லைன், அதனோடு பச்சை எர்த் கம்பியும் சேர்ந்தே வந்து சேர வேண்டும். சுவரில் வெட்டும் பாதை செங்குத்தாகவோ கிடையாகவோ மட்டும் போகட்டும். வயர் மிச்சமாகும் என்று குறுக்காக இழுத்தால், பிற்பாடு துண்டு மாட்ட ஓட்டை போடுபவரின் டிரில் நேராக அதில் இறங்கும். சாதனங்களைக் கழற்றிவிட்டு மெக்கர் என்னும் சோதனைக் கருவியால் 500 வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை மூடக் கூடாது. எர்த் கம்பி மீட்டர் போர்டு வரையும், அங்கிருந்து மண்ணுக்கும் உண்மையிலேயே தொடர்கிறதா என்பதை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டர் ஃபேஸ் வருகிறதா என்பதை மட்டும் காட்டும்; எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானும் அப்படித்தான். எர்த்தே இல்லாத வீட்டிலும் அழுத்தினால் விழும். கடைசியாக, வெட்டிய சுவர்களை அளவு டேப் வைத்துப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

சாக்கெட் எங்கே வைப்பது என்பதிலும் வீட்டுக்காரர் சொன்னார் என்று தலையாட்டாதீர்கள். குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் வரை சாதாரண சாக்கெட் கூடாது என்பது விதி. நம் குளியலறைகள் 5 அடிக்கு 7 அடி. வாளியும் குவளையுமாகக் குளிப்பவர்கள் நாம். தண்ணீர் படாத மூலையே இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கும் முடி உலர்த்தியின் சாக்கெட்டை அறைக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள். கீசர் சுவிட்சும் வெளியே இருக்கட்டும். வாஷிங் மெஷினையும் உள்ளேயே வைக்க வேண்டும் என்றால், இடமில்லை என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். டைல்ஸின் நிறத்தில் உங்கள் யோசனையைக் கேட்கும் வீட்டுக்காரர் இதிலும் கேட்பார்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இலும் இருந்தன, 2023இல் புதிதாகவும் வந்தன. பல்பு, ஃபேன், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு விலக்கு உண்டு. புதிதாக வயரிங் செய்வதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சான்றை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. அடுத்த வேலைக்கு எலெக்ட்ரீஷியனை அழைக்கும்போது சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் இதற்குப் பணம் தர மாட்டார் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. போட்டி அதிகம், பக்கத்து ஒப்பந்தக்காரர் அந்த ஒரு நாளை விட்டுவிட்டுக் குறைத்துச் சொல்வார். ஆனால் பாயிண்ட் கணக்கோடு சேர்த்து மறைக்காமல் தனி வரியாகவே எழுதுங்கள்: மின் சோதனை, எர்த் சரிபார்ப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏன் என்று கேட்டால் அந்த வீட்டின் பழைய ஜி.ஐ. குழாயையும் அதில் முறுக்கிய கம்பியையும் காட்டுங்கள். அப்படிக் காட்டிய இடங்களில் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அக்கறையுடன்,
மின் கம்பியாளர் ஒருவர், சென்னை