கைதட்டலுக்கு முன்னாடி அந்த எண்ணெயையும் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போர்க் கவிதைன்னு பேச்சு வந்தாலே மேடை ஏறுற பாதிப் பேர் புறநானூறு 279-ஐத்தான் எடுக்கறாங்க, அதுல வர்ற ஒரு அம்மாவோட அண்ணன் முன்னாடி நடந்த போர்ல செத்தாச்சு, நேத்து புருஷனும் போயாச்சு, இன்னைக்கு திரும்ப பறைச் சத்தம் கேட்டதும் இருக்கற ஒரே பையன் கையில வேலைக் கொடுத்து அனுப்புறா, உடனே கைதட்டல், வீரத்தாய்னு சொல்லிட்டு அடுத்த டாபிக்குக்குப் போயிடறாங்க. அந்தப் பாட்டை எழுதின ஒக்கூர் மாசாத்தியார் அவ்வளவு ஈஸியா விடலையே சார். அனுப்பறதுக்கு முன்னாடி வெள்ளைத் துணி உடுத்தி விடறா, பரட்டைக் குடுமியில எண்ணெய் தடவி விடறா. அம்மா தலைக்கு எண்ணெய் வச்சு விடற வயசுப் பையன் அவன்! அந்த வரி வந்ததும் எனக்கு கை தட்டவே வர மாட்டேங்குது. பெருமையும் இருக்கு, வயித்தைப் பிசையவும் செய்யுது, ரெண்டையும் சேர்த்துத்தான் அந்தம்மா எழுதி வச்சிருக்காங்க, நாம பாதியை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

அதே புறநானூறுல 46-ஆம் பாட்டை யாரும் மேடையில சொல்லி நான் கேட்டதில்ல. தோத்துப்போன மலையமான்ங்கற சிற்றரசனோட பிள்ளைங்களை யானைக் காலால மிதிக்க வைக்கப் போறான் சோழ ராஜா கிள்ளிவளவன், புலவர் கோவூர் கிழார் நடுவுல புகுந்து தடுக்கறார். அழுதுட்டு இருந்த பசங்க யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துட்டு, புதுசா இருக்கற கூட்டத்தை மிரண்டு மிரண்டு பார்க்கறாங்களாம். வாள் இல்ல, ரத்தம் இல்ல, ஆனா போர்னா என்னன்னு இதைவிட பயங்கரமா எனக்கு எதுவும் சொன்னதில்ல. அதுவும் ஜெயிச்ச ராஜா மூஞ்சிக்கு நேரா சொல்றார், அதுக்கு ஒரு தில்லு வேணும்.

முதல் உலகப்போர்ல சண்டை போட்ட இங்கிலீஷ் கவிஞன் வில்பிரட் ஓவன்தான் போரை எதிர்த்து எழுதினான், நம்ம ஆளுங்க வீரத்தை மட்டும் பாடினாங்கன்னு சிலர் சொல்றாங்க. ஓவன் பதுங்குகுழியில நின்னு விஷவாயுல துடிக்கறவனைப் பார்த்து எழுதினவர், 1918 நவம்பர் 4-ல செத்தார், சரியா ஒரு வாரத்துல போர் முடிஞ்சுது. அவர் பெரிய ஆள்தான், மறுக்கலை. ஆனா சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டப்ப, உள்ள இருந்த இன்னொரு சோழன் நெடுங்கிள்ளியும் சோழரோட அடையாளமான அதே ஆத்தி மாலைதான் போட்டிருக்கான், யார் தோத்தாலும் தோக்கறது உங்க குடிதான்னு ரெண்டு பேரையும் கேட்டவரும் இதே கோவூர் கிழார்தானே, அது புறநானூறு 45-ஆம் பாட்டு.

உங்க மாணவர் பக்கத்துல அடுத்த தடவை 279 போட்டீங்கன்னா பக்கத்துலயே 46-ஐயும் உரையோட போடுங்க சார், பசங்க ரெண்டையும் படிச்சிட்டு அவங்களே சண்டை போட்டுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்