அஸ்டேரின் பாதங்கள் எங்கே?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய ஹாலிவுட் இசைப்படங்களின் டிவிடி தொகுப்பில் படங்கள் வெட்டப்பட்டிருப்பது குறித்து

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் 2,499 ரூபாய் கொடுத்து ஹாலிவுட் இசைப்படங்களின் டிவிடி தொகுப்பு ஒன்றை வாங்கினேன். பெட்டி அழகாக இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ‘திரையரங்கில் வந்தபடியே, முழு வடிவில்’ என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். ‘முழு’ என்ற சொல்லுக்கு உங்கள் அலுவலகத்தில் என்ன பொருள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ‘டாப் ஹாட்’ படத்தைப் போட்டேன். 1935-இல் வந்த படம். நடனத்துக்குப் பேர்போன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் ஓட்டல் அறையில் தட்டொலி எழுப்பி ஆடுகிறார்; கீழறையில் தூங்கும் நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸ் விழித்துக்கொண்டு, சண்டை பிடிக்க மேலே வருகிறார். அவர் திரும்பிப் போன பிறகு அஸ்டேர் தரையில் மணலைத் தூவி, அதன்மேல் செருப்போசை எழாமல் தேய்த்துத் தேய்த்துத் தாலாட்டுப் போல ஆடுகிறார். அந்தக் காட்சியின் உயிரே மணலும் அதன்மேல் வழுக்கும் காலணியும்தான். உங்கள் டிவிடியில் இரண்டும் இல்லை. முழங்காலுக்குக் கீழே திரை முடிந்துவிடுகிறது. பேருந்துக்குக் காத்திருப்பவர் குளிருக்குத் தோளை அசைப்பதுபோல ஒரு மனிதர் அசைந்துகொண்டிருக்கிறார். கீழே ‘சர்ர், சர்ர்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் பேத்தி, “தாத்தா, அவர் என்ன பெருக்குகிறாரா?” என்று கேட்டாள்.

என்னிடம் இதே படத்தின் பழைய வீடியோ கேசட் இருக்கிறது. பூஞ்சை படிந்து, படம் நடுங்கும் கேசட். அதில் காலணி தெரிகிறது, மணல் தெரிகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவியின் அகலம் 1.78. படத்தை டிவி முழுவதும் நிரப்ப வேண்டுமென்றால் உயரத்தில் ஏறக்குறையக் கால் பங்கை வெட்டியாக வேண்டும். சிலேடைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே போனது கால்தான். தலையை வெட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அடியிலேயே கத்தி வைத்திருக்கிறீர்கள்.

இதில் கொடுமை, இது அஸ்டேருக்கு நேர்ந்திருப்பது. தான் ஆடும்போது தலைமுதல் பாதம்வரை சட்டத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் முகத்தையோ காலையோ தனியாக வெட்டிக் காட்டக் கூடாது, இயன்றவரை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அவர் போராடி வாங்கிய படச்சட்டத்தை நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டீர்கள்.

உங்கள் சேவை எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். முதல் முறை, டிவியில் ‘ஜூம்’ அமைப்பை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன்; வட்டில் இல்லாத பாதத்தை எந்த ஜூம் கொண்டுவரும்? இரண்டாம் முறை பேசிய தம்பி நேர்மையானவர். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்.

அகலப் படத்தையாவது விட்டுவைத்தீர்களா என்றால், அதுவும் இல்லை. 1955-இல் வந்த ‘இட்ஸ் ஆல்வேஸ் ஃபேர் வெதர்’ சினிமாஸ்கோப் படம், அகலம் 2.55. ஒரு பாட்டில் ஜீன் கெல்லி, டான் டெய்லி, மைக்கேல் கிட் மூவரும் வெவ்வேறு இடத்தில் தனித்தனியாக ஆட, திரையை மூன்றாகப் பிரித்து மூவரையும் சேர்த்துக் காட்டுவார்கள். நீங்கள் இரு பக்கமும் நறுக்கியதில் நடுவில் இருப்பவர் முழுதாகவும் மற்ற இருவரும் பாதிப் பாதியாகவும் நிற்கிறார்கள்.

அடுத்து, அதே ஜீன் கெல்லி பாடி ஆடும் ‘சிங்கிங் இன் தி ரெயின்’. அட்டையில் 103 நிமிடம் என்று இருக்கிறது. பிளேயர் 99 காட்டியது. காட்சி எதையும் வெட்டவில்லை, வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை நம் டிவி முறைக்காக 25-இல் ஓட்டினால் நான்கு நிமிடம் மிச்சமாகும். கூடவே சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக. வீட்டில் என் மனைவி வீணை சொல்லித் தருகிறவள். சமையலறையிலிருந்தே, “யார் இது, கெல்லி மாதிரி இல்லையே” என்றாள். வேகத்தைக் கூட்டினாலும் சுருதியை இறக்கிச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதைச் செய்ய உங்களுக்கு மனமில்லை. பேசும் படம் வந்த புதிதில் உருவத்துக்கும் குரலுக்கும் பொருந்தாமல் போன கூத்தைக் கேலி செய்கிற படம் இது என்பதையாவது யாரேனும் யோசித்திருக்கலாம். இதன் மூல நெகட்டிவ் 1978-இல் ஒரு தீவிபத்தில் அழிந்துபோனது. மிஞ்சியவற்றைத் தேடி மீட்டவர்கள் பட்ட பாடு இதற்காகவா?

சப்டைட்டில் பற்றி ஒரு வரி: வசனத்துக்கெல்லாம் வருகிறது, பாட்டு தொடங்கியதும் ஓர் இசைக்குறியைப் போட்டுவிட்டு ஓய்வெடுக்கிறது. பாடல்களை எழுதிய இர்விங் பெர்லினின் வரிகளுக்காகவே ‘டாப் ஹாட்’ பார்ப்பவர்கள் உண்டு.

முழுப் படச்சட்டத்தோடும் சரியான சுருதியோடும் உள்ள வட்டுகளை மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் 2,499 ரூபாயையும், திருப்பி அனுப்பும் கூரியர் கட்டணத்தையும் 15 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். கையிருப்பில் உள்ள பெட்டிகளில் அந்தப் பொன்னெழுத்து வரியின் மேல் ஒரு தாளையாவது ஒட்டுங்கள். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்வேன். கேசட்டையும் பிளேயரையும் அங்கே தூக்கிக்கொண்டு வரவும் தயங்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஒப்பீட்டுப் படங்கள் ஆறு