எச்சரிக்கையை மறைத்த ஸ்டிக்கர்: ஒரு வாடிக்கையாளரின் புகார்

உப்புவெளி,
திருகோணமலை.
07.07.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

பொருள்: செம்பு கலந்த மீன் மருந்தைப் "பாசிக்கும் பாதுகாப்பானது" என்று விற்றமை

கடந்த ஜூன் 3 ஆம் திகதி, திருகோணமலை நகரில் உங்கள் பொருள்களை விற்கும் கடையில் 4,850 ரூபா கொடுத்து ஒரு போத்தல் மருந்து வாங்கினேன். கடல்நீர் மீன்களின் வெண்புள்ளி நோய்க்கென்று நீங்கள் இறக்குமதி செய்து விற்கும் மருந்து அது. ஜூன் 8 ஆம் திகதி மாலை அதைத் தொட்டியில் ஊற்றினேன். ஜூன் 11 ஆம் திகதி விடிந்தபோது, ஆறு வருடமாக நான் வளர்த்த தொட்டியில் இரண்டு மீன்களைத் தவிர எதுவும் உயிரோடு இல்லை. மூன்று முறை உங்கள் பிரிவுடன் தொலைபேசியில் பேசினேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். வந்த பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

"புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு இப்படி நடப்பது வழமை" என்று உங்கள் அலுவலர் சொன்னார். நான் புதியவள் அல்ல. உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. 2019 இல் இந்தத் தொட்டியைத் தொடங்கினேன். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 210 லீட்டர் கடல்நீர். பக்கத்து வீட்டு அண்ணா தொழிலுக்குப் போகும் படகில், கரை அழுக்கு எட்டாத தூரத்திலிருந்து 20 லீட்டர் கேன்களில் நீர் கொண்டுவந்து தருவார். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அது முடியாது. மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் வந்து விழும் அந்த மாதங்களில் நீர் கலங்கிவிடும், உப்பும் குறைந்துவிடும். அதனால் முன்கூட்டியே நிரப்பி மூடி வைப்பேன். தொட்டி நீரின் சாரடர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) 1.025 இல் நிறுத்த, ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக நாள்தோறும் காலையில் நன்னீர் விடுவேன். ஆறு வருடமாக, காய்ச்சலில் கிடந்த நாள்களிலும், இதைச் செய்யாமல் விட்டதில்லை.

என் வீட்டுக்கு வரும் மாணவர்கள் மீன்களைவிடப் பாசிகளைத்தான் நெடுநேரம் பார்ப்பார்கள். மூன்று வகை வைத்திருந்தேன். பச்சைத் திராட்சைக் குலை போன்ற கௌலெர்ப்பா, அகார் எடுக்கப் பயன்படும் கஞ்சிப்பாசி, தலைமயிர்ச் சிக்குப் போலத் திரண்டு வளரும் கீட்டோமார்ஃபா. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அந்த நைத்திரேற்றை உறிஞ்சி வளர்பவை இந்தப் பாசிகள். வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி வெட்டி எடுத்தால், நீரில் சேர்ந்த கழிவையே கையால் அள்ளி வெளியே போட்டதுபோல. கீட்டோமார்ஃபாவைப் பின்பக்க அறையில் வைத்து இரவில் மட்டும் விளக்கெரிப்பேன். முன்பக்கப் பாசிகள் இருளில் காபனீரொட்சைட்டை வெளியிடும்போது அது உறிஞ்சிக்கொள்ளும், நீரின் பீ.எச். இரவில் விழாது. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் வரும் நைதரசன் வட்டத்தை என் பிள்ளைகள் இந்தக் கண்ணாடிக்குள் கண்ணால் கண்டார்கள்.

மே மாதக் கடைசியில் புதிதாக வாங்கிய நீல டாம்செல் மீன் ஒன்றின் செட்டையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. புதிய மீனை நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். நான் எட்டு நாளில் உள்ளே விட்டேன். அது என் பிழை, அதை மறைக்கவில்லை. இந்த நோய்க்குச் செம்பு மருந்து உண்டு என்பதும், அதைப் பாசியும் நத்தையும் இருக்கும் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வாங்குமுன் உங்கள் இலக்கத்துக்கு அழைத்து, "இதில் செம்பு இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டேன். "இல்லை மிஸ், இது மூலிகை மருந்து. பாசிக்கும் ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது. போத்தலில் இருந்த ஸ்டிக்கரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அதையே சொன்னது: "பாசி, நத்தை, இறால் அனைத்துக்கும் பாதுகாப்பானது." 40 லீட்டருக்கு 5 மில்லிலீட்டர் என்றிருந்தது. என் தொட்டிக்கு 26 வரும். 25 தான் ஊற்றினேன்.

மறுநாள் காலை நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் இறால் கல்லின் கீழ் ஒருக்களித்துக் கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. மாலையில் கௌலெர்ப்பா நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கௌலெர்ப்பாவின் கொடி எவ்வளவு நீண்டாலும் அது ஒரே கலம், உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. அது சாகும்போது உள்ளிருப்பது அத்தனையும் நீரில் கொட்டும். இரவுக்குள் தொட்டி அரிசி கழுவிய நீர் போலாகிவிட்டது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுப் பம்பு இரண்டு வைத்தேன், கையிருப்பில் இருந்த கடல்நீர் அத்தனையையும் மாற்றினேன். ஒரு கேனை மட்டும் ஒதுக்கி வைத்தேன். அடுத்த நாள் பொசன் போயா விடுமுறை. உங்கள் இலக்கத்துக்கு ஒன்பது முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

என் தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன்கள் இருந்தன. 2020 இல் விரல் நகமளவில் வாங்கியவை. இவை எல்லாமே ஆணாகப் பிறப்பவை. சோடியில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் மீன் மூன்று முறை பானை ஓட்டில் முட்டையிட்டிருக்கிறது. அவை குடியிருந்த கடற்சாமந்தி என்னும் பூப் போன்ற விலங்கு, போயா தினத்தன்று காலை சுருங்கி வாய் பிதுங்கி, விரல் போன்ற அதன் உணர்கொம்புகள் எல்லாம் கூழாகிக் கிடந்தது. ஏதாவது தின்னுமா என்று ஓர் இறால் துண்டை நீரில் விட்டேன். பெண் மீன் அதைத் தான் தின்னவில்லை. வாயில் கவ்விக்கொண்டு போய், செத்துக்கொண்டிருந்த சாமந்தியின் நடுவில் வைத்தது. துண்டு நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தது. ஐந்து முறை எண்ணினேன், அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் விடியும்போது அந்த மீனும் மணலில் கிடந்தது.

எஞ்சியவை அதன் சோடியும் அந்த டாம்செல்லும்தான். டாம்செல்லின் புள்ளிகள் மறைந்துவிட்டன. மருந்து வேலை செய்திருக்கிறது, ஏனென்றால் அது செம்பு.

போத்தலைக் கழுவும்போதுதான் உங்கள் ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நகத்தால் மெல்ல உரித்தேன். கீழே உற்பத்தியாளரின் சொந்த லேபிள் இருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் இரண்டே வரி: செப்புச் சல்பேற்று அடங்கியது, முள்ளந்தண்டற்ற உயிர்களும் பாசியும் உள்ள தொட்டியில் பயன்படுத்தக் கூடாது. உங்கள் ஸ்டிக்கர் அந்தச் சிவப்புக் கட்டத்தின்மேல் ஒரு மில்லிமீற்றரும் பிசகாமல் ஒட்டப்பட்டிருந்தது. இல்லாத நன்மையை மூன்று மொழிகளில் எழுதத் தெரிந்த உங்களுக்கு, இருந்த எச்சரிக்கையை ஒரு மொழியிலேனும் விட்டுவைக்க மனம் வரவில்லை. செப்புச் சல்பேற்று என்றால் நம் ஊரில் மயில்துத்தம். பயிரில் பூஞ்சணத்தைக் கொல்லச் சுண்ணாம்போடு கரைத்து அடிப்பதும், குளத்துப் பாசியை அழிக்கப் போடுவதும் அதைத்தான். அதைப் பாசிக்குப் பாதுகாப்பானது என்று விற்றிருக்கிறீர்கள்.

உங்கள் மின்னஞ்சல் பதிலில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. முதலாவது, கௌலெர்ப்பா சில வேளைகளில் தானாகவே வெளுத்துக் கரைவதுண்டு என்பது. உண்மைதான், இனப்பெருக்கம் செய்யும்போது அப்படி நடக்கும். ஆனால் கஞ்சிப்பாசியும் கீட்டோமார்ஃபாவும் கூடவே ஏன் அழிந்தன? கௌலெர்ப்பா வெளுப்பதற்கு அரை நாள் முன்பே நத்தைகள் எப்படி விழுந்தன? இரண்டாவது, கடல்நீரிலேயே செம்பு இருந்திருக்கலாம் என்பது. ஜூன் 12 ஆம் திகதி செம்பு அளக்கும் சோதனைப் பெட்டி தருவித்து, தொட்டி நீரையும், தொட்டியில் மாற்றிய நீரோடு அதே நாளில் அதே இடத்தில் அள்ளி ஒதுக்கி வைத்திருந்த கேன் நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். கேனில் எதுவும் காட்டவில்லை. தொட்டியில், பாதிக்கு மேல் நீர் மாற்றிய பிறகும், லீட்டருக்கு 0.25 மில்லிகிராம். இரண்டு குழாய்களின் படமும் இணைத்திருக்கிறேன்.

இதன் இழப்பு நீரை மாற்றினால் தீர்வதல்ல. செம்பு, கல்சியம் காபனேற்றாலான பவளக் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகு சிறிது சிறிதாக நீரில் இறங்கும். அந்த 30 கிலோ கல்லையும் மணலையும் இனி நத்தையோ சாமந்தியோ வைக்கும் தொட்டியில் நான் நம்பிப் போட முடியாது. புதிய கல்லை நான் கடலில் போய் உடைத்து எடுக்கவும் மாட்டேன். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் பிரிவு எனக்கு அளிக்க முன்வந்த ஈடு, அதே மருந்தில் இன்னொரு போத்தல், இலவசமாக. அதை அனுப்ப வேண்டாம்.

நான் கேட்பவை இவைதான். அந்த ஸ்டிக்கர் ஒட்டிய போத்தல்கள் எல்லாவற்றையும் கடைகளிலிருந்து உடனே திருப்பி எடுங்கள். உற்பத்தியாளரின் எச்சரிக்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் அதே சிவப்புக் கட்டத்தோடு அச்சிடாமல் இனி ஒன்றையும் விற்காதீர்கள். ஸ்டிக்கர் வாசகத்தை எழுதியது யார், எதன் அடிப்படையில் என்று எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். மருந்தின் விலையும், கல், மணல், உயிரினங்கள், சோதனைப் பெட்டி ஆகியவற்றின் விலையுமாக 86,400 ரூபாவைத் தாருங்கள். கணக்கு தனித் தாளில் உள்ளது. கோமாளி மீனுக்கு நான் வாங்கிய விலையை மட்டுமே போட்டிருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் இதே கடிதத்தையும் இணைப்புகளையும் ஒப்படைப்பேன். போத்தலும், உரித்த ஸ்டிக்கரும், போத்தலில் மீந்த மருந்தும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: கடந்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன். அடுக்கில் இன்னும் நான்கு போத்தல்கள், அதே ஸ்டிக்கரோடு. பதினைந்து வயதிருக்கும் ஒரு பையன் ஒன்றைக் கையில் எடுத்து விலை கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் சிறிய தொட்டி, இரண்டு நத்தைகளும் கொஞ்சம் பாசியும் இருக்கிறது என்றான். நான் இருந்ததால் அவன் வாங்கவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன், கொழும்பிலிருந்து சொன்னால்தான் எடுப்பேன் என்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவருக்கு ஓர் அழைப்பு எடுங்கள்.