இதுவும் எழுத்துதான்

அன்பு மகளுக்கு,

"இதழியல் படிக்க வந்தேன், எழுத்தைத் தவிர மற்ற எல்லாம் சொல்லித் தருகிறார்கள்" என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீ ஒரு கண்ணை ரெண்டர் மேலேயே, அதாவது கம்ப்யூட்டர் உன் வீடியோவைத் தயாரித்து முடிப்பதன் மேலேயே, வைத்திருந்தாய்.

செய்தி டெஸ்க்கில் அடுத்தவர் காப்பியை, அதாவது நிருபர்கள் எழுதித் தரும் செய்தியை, வெட்டித் திருத்தியே காலத்தை ஓட்டியவன் நான். கேமராவைக் கண்டால் எனக்கும் லேசான இளக்காரம் உண்டு. இருந்தாலும் நீ அனுப்பிய தையல்கார அம்மா வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். படம் நன்றாக இருக்கிறது. காலை வாரிவிட்டது சத்தம்தான். பின்னால் ஃபேன் இரைகிறது. வெட்டு விழும் இடத்தில் இரைச்சல் சட்டென்று நின்று மறுபடி கிளம்புகிறது. படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் போய்விடுவார். பேட்டிக்கு முன் ஃபேனை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதே. ஹெட்ஃபோன் மாட்டாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடாதே. பழகிய இரைச்சலை நம் காது ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள். எடிட்டிங்கில் அதை அடியில் ஓடவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

இதையெல்லாம் உன் வாத்தியாரே சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது வேறு. மூன்றாவது நிமிடத்தில் அந்த அம்மா பதிலை முடித்துவிட்டு, மூச்சு விட்டு, "ஆனா..." என்று தொடங்குகிறார். அதற்குள் நீ அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டாய். அவரும் மரியாதைக்கு உன் கேள்விக்கே பதில் சொல்லிவிட்டார். செய்தி அந்த "ஆனா"வில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்திருந்தால் இது உனக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. எத்தனை நிருபர்களின் காப்பியில் எத்தனை "ஆனா" காணாமல் போயிருக்குமோ! பேட்டியின்போது வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டப் பழகு. பதில் முடிந்த பிறகும் நாலு நொடி சும்மா இரு.

ஷாட் விஷயமும் அப்படித்தான். கை அண்மையில், முகம், முழு அறை, தோளுக்குப் பின்னாலிருந்து, எதிர்பாராத கோணம் ஒன்று என ஐந்து ஷாட், ஒவ்வொன்றும் பத்து நொடி என்று வகுப்பில் சொன்னார்களாமே. கையை அண்மையில் எடுக்கப் போனதால்தானே அவர் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது உன் கண்ணில் பட்டது? "வறுமையில் வாடும் தையல்காரர்" என்று வரும் காப்பியில் நான் தேடிக் கிடைக்காத வரி அது.

2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' கட்டுரை பற்றிப் படித்திருப்பாய். பனிச்சரிவில் சிக்கிய சறுக்கு வீரர்களின் கதை. ஸ்க்ரோல் செய்யச் செய்ய வீடியோவும் வரைபடமும் விரியும். அதைப் பார்த்து எல்லாரும் அதேபோலச் செய்யக் கிளம்பினார்கள். 2013இல் அதற்கு அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது சிறப்புக் கட்டுரைப் பிரிவில், அதாவது எழுத்துக்கு.

டேட்டா வகுப்பை மட்டும் ஒருநாளும் தவறவிடாதே. 10 சதவீதம் 15 ஆனால், அது 5 சதவீதப் புள்ளி உயர்வு, அல்லது 50 சதவீத உயர்வு. "5 சதவீதம் உயர்ந்தது" என்று வந்த காப்பியைத் திருத்தித் திருத்தியே எனக்கு முடி நரைத்தது. வாட்ஸ்அப்பில் யாராவது படம் அனுப்பினால், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேள். படமாக அனுப்பினால், எப்போது, எங்கே எடுத்தது என்று ஃபைலுக்குள் இருக்கும் தகவல் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. எழுதவும், படம் பிடிக்கவும், எடிட் செய்யவும், சமூக ஊடகத்தில் போடவும் ஒரே ஆளைத்தான் இனி வேலைக்குத் தேடுவார்கள். எல்லாம் கற்றுக்கொள், நல்லது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சம்பவ இடத்தில் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால், எது வேண்டும் என்று எடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடு. லைவ் கொடுத்துக்கொண்டே விசாரிக்க யாராலும் முடியாது.

அந்த அம்மாவிடம் இன்னொரு முறை போய் வா. கேமரா வேண்டாம், ரெக்கார்டர் போதும். "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று மட்டும் கேள். எடிட் செய்யாத ஆடியோவை அப்படியே எனக்கு அனுப்பு. அதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைப்பதற்கு முன்னால் மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிடாதே.

அன்புடன்,
அப்பா